வேம்பார் நண்டுச் சட்டி

சுல்தான் வாத்தியாருக்குத் தெரியாத நண்டு கிடையாது. தின்ற நண்டுதான் ஒன்றும் கிடையாது. கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கடலைக் கண்ணால் பார்க்கவே இருபது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அவன் வேலை பார்த்த உயர்நிலைப் பள்ளியின் விலங்கியல் அறையில் இருந்த பதினெட்டு ஜாடிகளில் ஒன்பதில் நண்டும் இறாலும்தான் ஃபார்மலினில் மிதந்தன. இரண்டு ஜோடி உணர்கொம்பு, பத்துக் கால், வெளியே ஓடு, உள்ளே எலும்பில்லை என்று அவன் வண்ணச் சாக்பீஸால் படம் போட்டுச் சொல்லும்போது கடைசி பெஞ்சுக்காரன்கூடக் கொட்டாவி விடமாட்டான். அப்பேர்ப்பட்ட வாத்தியார். வீட்டில்தான் எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று தெரியாத மனுஷன். நடந்தது அத்தனைக்கும் அந்த ஒரு கோளாறுதான் காரணம், வேறு யாரையும் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

அவனுடைய அத்தா ஜமால் முகம்மது மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். நெத்திலி, சாளை, வாளை, பிறகு கரிசல் காட்டு ஊர்களில் கத்திரிக்காய்க் குழம்புக்குப் போடுகிற கூனி. கூனி என்றால் நகக்கண் அளவு இறாலைக் காயவைத்தது. ஊரெல்லாம் கருவாடு விற்றாலும் வீட்டில் உண்பதற்கு அவருக்கு ஒரு வரை இருந்தது. அவர்கள் ஹனபி வழி முஸ்லிம்கள். கடலில் இருப்பதில் மீன் மட்டுமே ஆகும், மற்றது ஆகாது என்பது அந்த வழி. இறாலை மட்டும் மீன் என்றே வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தார்கள். அது மீனா, மீன் இல்லையா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அவன் பெண்டாட்டி ஜரினா வேம்பார்க்காரி. கடற்கரையோரம் இருக்கிற அவள் குடும்பம் ஷாபி வழி. அவர்களுக்கு நண்டும் ஆகும். கலியாணம் பேசும்போது இரண்டு பக்கமும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. நகை பேசினார்கள், நாள் பேசினார்கள், வண்டிக் கூலிகூடப் பேசினார்கள். சட்டியில் என்ன வேகும் என்று பேச யாருக்குத் தோன்றும்?

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுல்தான் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்த் தன் ஜாடிகளைக் காட்டினான். காட்டாமல் இருந்தால் அவனுக்குத் தலை வெடித்துவிடும். அவள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுத் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அஞ்சு ஜாடியிலயும் 'கடல் நண்டு'ன்னு எழுதி ஒட்டியிருக்கியளே மச்சான். அஞ்சும் ஒண்ணா?"

"வேற என்ன?"

"இது நீலக்கால் நண்டு. இது முக்கண் நண்டு, முதுகுல மூணு கண்ணு இருக்கு பாருங்க. இது சிலுவை நண்டு. இது ரெண்டும் களி நண்டு, ஒண்ணு ஆணு, ஒண்ணு பொட்டை."

"அது எப்படித் தெரியும்?"

"வயித்துப் பக்கம் மடிப்பு இருக்குல்லா? ஒடுங்கி இருந்தா ஆணு. அகலமா இருந்தா பொட்டை, முட்டையை அதுலதான வச்சுக்கிடும்."

அது புத்தகத்திலும் இருந்தது. அவனும் படித்திருந்தான். ஆனால் படித்ததைப் பார்க்க அவனுக்குக் கண் இல்லாமல் போயிருந்தது. அன்றைக்கே ஐந்து ஜாடிகளிலும் லத்தீன் பெயருக்குக் கீழே அவள் சொன்ன பெயர்களை எழுதி ஒட்டினான். நண்டிலேயே அவர்களுக்கும் ஆகாதது உண்டு என்று அவள் சொன்னபோது அவனுக்கு இன்னும் ஆச்சரியம். கரையில் வளை தோண்டி ஓடுவதையும், தண்ணீரிலும் தரையிலும் மாறிமாறி இருப்பதையும் அவள் வீட்டில் தொடமாட்டார்களாம். களி நண்டும் அதில் சேர்த்தியாம்.

கடைசி ஜாடியில் பழைய படகுப் பலகைத் துண்டு ஒன்று. அதன்மேல் சுண்ணாம்புக் குமிழ்கள் வரிசையாக ஒட்டியிருந்தன.

"கொட்டலசு," என்றாள் ஜரினா. "வள்ளத்து அடியில ஒட்டிக்கிட்டு உயிர வாங்கும். சிப்பி சாதி."

"சிப்பி இல்ல. இதுவும் நண்டுக்குச் சொந்தம்தான்."

"காலக் காட்டுங்க, நம்புதேன்."

அவன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொடுத்தான். ஓட்டுக்குள்ளே இறகு மாதிரி சுருண்டிருந்த கால்களை அவள் பார்த்தாள். இது குஞ்சாக இருக்கும்போது கடலெல்லாம் நீந்தித் திரியும், பிறகு ஒரு இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு ஓடு கட்டிக்கொள்ளும், அதன் பிறகு சாகும்வரை நகராது, காலை மட்டும் வெளியே நீட்டிக் கிடைத்ததைத் தின்னும் என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"கெட்டிக்குடுத்த பொம்பளப் பிள்ள மாரி," என்றாள் பிறகு.

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தானா என்றால், இல்லை.

மறு வருஷம், அதாவது அறுபத்தியொன்றில், ஜரினாவுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்னால் ஒன்று மூன்று மாதத்திலேயே கலைந்து போயிருந்ததால் வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு பக்பக்கென்று இருந்தது. மாமியார் பாத்திமுத்து அவளைக் குடம் தூக்க விடவில்லை, குனிய விடவில்லை. ஏழாம் மாதம் பெண் வீட்டார் பலகாரமும், பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதும் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். ஜரினாவின் வாப்பா மீராசா காலை பஸ்ஸில் வேம்பாரிலிருந்து வந்து இறங்கினார். ஒரு கையில் பணியாரமும் வட்டிலப்பமும் வைத்த தூக்கு. இன்னொரு தூக்கில் இறால் பொரியல். தோளில் ஓலைக் கூடை, ஈரச் சாக்குக்குள் உயிரோடு நீலக்கால் நண்டு. கூடையோடு சேர்த்துக் கட்டிய ஒரு மண்சட்டி. வீட்டில் நண்டு வைத்து வைத்துக் கறுத்துப்போன பழைய சட்டி.

ஜமால் முகம்மது வாசலுக்கு வந்து சலாம் சொன்னார். தூக்குகளை வாங்கி உள்ளே கொடுத்தார். சாக்குக்குள் கரகரவென்று சத்தம் கேட்டதும் கை நின்றது.

"சம்பந்தி, நீங்க உள்ள வாங்க. கூடை வேண்டாம். நமக்கு ஆகாது."

"தெரியும் சம்பந்தி. அதான் சட்டியும் கொண்டாந்திருக்கேன்," என்றார் மீராசா. "உங்க அடுப்பு வேண்டாம், உங்க பாத்திரம் வேண்டாம். கொல்லையில மூணு கல்லக் கூட்டி அவளே வச்சுத் தின்னுக்கிடுவா. நாலு மாசமா சொல்லி விடுதா."

"வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னா வரக் கூடாதுதான்."

"கூடை எம் மவ பங்கு. அது வெளிய நின்னா நானும் வெளியதான் நிக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். தெருவில் எதிர்க்கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் ஜரினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து, அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்து சுல்தான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் போகிற ஆட்டுக்குக்கூட விளங்கியிருக்கும்.

நம்ம வாத்தியாருக்கு விளங்கவில்லை. அவன் சைக்கிளைச் சாத்தினான், தொண்டையைச் செருமினான், ஆரம்பித்தான்.

"அத்தா, ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. இறால உள்ள விட்டுட்டு நண்ட வெளிய நிறுத்துதீங்க. ரெண்டும் ஒரே கூட்டம். கிரஸ்டேஷியான்னு பேரு. இறாலுக்கு எத்தன காலு? நடக்க அஞ்சு ஜோடி. நண்டுக்கு? கொடுக்கையும் சேத்து அஞ்சு ஜோடி. இறாலுக்கு வால் நீண்டிருக்கு. நண்டு அந்த வால மடிச்சு வயித்துக்கடியில வச்சிருக்கு, அவ்வளவுதான். மீனுக்கு முதுகெலும்பு உண்டு. இதுக்கு ரெண்டுக்கும் கிடையாது..."

நன்றாகப் பேசினான். அதில் சந்தேகமே வேண்டாம். சிங்கி இறாலைச் சொன்னான், கொட்டலசைச் சொன்னான், பூச்சிக்கும் இவற்றுக்கும் உள்ள தூரத்துச் சொந்தத்தைச் சொன்னான். உலகத்தில் இந்தக் கூட்டத்தில் பல்லாயிரம் வகை உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவிலிருந்து கை விரித்த அகலம் வரைக்கும் உண்டு என்றான். பங்குனி வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மீராசா கூடையைத் தோள் மாற்றிக்கொண்டார். ஜமால் முகம்மது குறுக்கே பேசவில்லை. மகன் பட்டம் வாங்கியவன், அவன் சொல்வது சும்மா இராது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையால்தான் எல்லாம் கெட்டது.

"அப்ப இறாலு மீன் இல்லங்கியா?"

"இல்ல அத்தா. நிச்சயமா இல்ல."

"கூனி?"

"அதுவும் இறால்தானே."

ஜெயித்துவிட்டோம் என்று சுல்தான் நினைத்தான். அடுத்தது கூடை உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. ஜமால் முகம்மது ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்.

"ஏட்டி பாத்திமுத்து, அந்த இறால் தூக்கையும் எடுத்து வெளிய வையி."

தூக்கு வெளியே வந்தது. மீராசா அதைக் குனிந்து எடுத்துக்கொண்டார். "வெயில் ஏறுது. நண்டு செத்துரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிலையத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"வாப்பா, நில்லுங்க." ஜரினா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

சுல்தான் பதறிப்போனான். "ஏ ஜரினா, நான் உனக்காகத்தானே அவ்வளவு பேசினேன்."

"அரை மணி நேரமா எங்க வாப்பா வெயில்ல நிக்கிறாவ. நீங்க பாடம் நடத்துனிய." அவள் குரல் உயரவில்லை. "'எம் பொண்டாட்டிக்கு ஆகும், உள்ள வரட்டும்.' ஒரு வார்த்த. அதுக்கு எத்தன காலுன்னு எண்ணணுமா மச்சான்?"

அவனுக்கு வாய் அடைத்துவிட்டது. அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்காமல், இப்போது.

"பிள்ளய அங்கனயே பெத்து அங்கனயே வளத்துக்கிடுதேன். கூப்பிட வர வேண்டாம். நான் ஒண்ணும் கொட்டலசு இல்ல, ஒட்டுன எடத்துலயே கெடக்க."

அவள் வாப்பாவின் கையிலிருந்து இறால் தூக்கை வாங்கிக்கொண்டு, ஒருக்களித்து மெல்ல நடந்து போனாள். சட்டி மீராசாவின் முதுகில் ஆடிக்கொண்டே போயிற்று. சுல்தான் தெரு முனைவரை பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பாத்திமுத்து இரண்டு நாள் சோறே இறங்காமல் கிடந்தாள். "கரப்பானும் அதுக்குச் சொந்தமாம்லா. அம்பது வருசமா தின்னுருக்கேனே, வாயக் கொப்பளிச்சாப் போகுமா?" என்று கேட்டுக்கேட்டு மாய்ந்தாள். ஜமால் முகம்மது கடையிலிருந்த மூன்று கூனி மூட்டைகளையும் பின்கட்டில் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து விழித்தார்கள். சந்தனமாரி என்று ஒருத்தி, வாராவாரம் நடந்து வருகிறவள், விடவே இல்லை.

"கூனி இல்லாமக் கத்திரிக்கா எப்படி அண்ணாச்சி எறங்கும்?"

"அது மீன் இல்லயாம்மா. எம் மவன் சொல்லிட்டான்."

"நான் மீனா கேட்டேன்? கூனிதான கேக்கேன்," என்றாள் சந்தனமாரி. அவள் அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

சுல்தான் ஒரு தடவை பின்வாங்கிப் பார்த்தான். "அத்தா, இறால மீனோட சேத்துச் சொல்லுதவங்களும் உண்டு..." என்று இழுத்தான். ஜமால் முகம்மது தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏலே, நீ அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா?" அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேம்பாருக்கு மூன்று கார்டு எழுதினான். ஒன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தாலே பாத்திமுத்து வாசலுக்கு வந்து நிற்பாள். ஜரினாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. பெண்டாட்டியும் பிள்ளையும் தனக்கு இனி உண்டா இல்லையா என்று தெரியாமல் அவன் வகுப்பில் தவளையின் இதயத்தைப் படம் போட்டுக்கொண்டிருந்தான்.

பள்ளிவாசலில் நாலு பேர் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கடைசியில் ஜமால் முகம்மதே தொழுகை நடத்துகிற ஹஜரத்திடம் போய்க் கேட்டார். ஹஜரத் என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குச் சுல்தானைவிட ஒரு வயது கம்மி. வடக்கே ஓதிவிட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தாடி கன்னத்தில் இன்னும் சரியாகச் சேரவில்லை. "பாக்காம எப்படிச் சொல்ல? அந்த ஜாடிகளப் பாக்கலாமா?" என்று அவர் கேட்க, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் விலங்கியல் அறையில் நின்றார்கள். ஆய்வக உதவியாளர் கருத்தையா ஜாடிகளைத் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார்.

ஹஜரத் இறாலைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். வாலையும் வயிற்று மடிப்பையும் ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார். கேள்வி கேட்டார், நல்ல கேள்விகளாகவே கேட்டார். கொட்டலசில் வந்து நின்றார்.

"இதையும் நண்டோடதான் எப்பவும் வச்சிருந்தாங்களா?"

"இல்ல. ரொம்ப நாள் சிப்பியோட வச்சிருந்தாங்க. நூத்து முப்பது வருசத்துக்கு முந்தி ஒரு டாக்டர் இதோட குஞ்சப் பார்த்தாரு. அது இறால் குஞ்சு மாதிரி நீந்துச்சு. அதுக்குப் பெறவுதான் மாத்தினாங்க."

"அப்ப உங்க புத்தகமும் திருத்திக்கிடும்."

"திருத்திக்கிடும்," என்றான் சுல்தான். பிறகு மெதுவாக, "ஆனா இறாலு மீன்னு இனிமே திருத்தாது ஹஜரத்," என்றான்.

பொய் சொல்லியிருந்தால் கூனி மூட்டை முன்கட்டுக்கு வந்திருக்கும், அம்மாவின் புலம்பல் ஓய்ந்திருக்கும். அவனால் முடியவில்லை. அந்த அளவுக்கு அவன் வாத்தியார்தான்.

ஹஜரத் தலையசைத்தார். ஜமால் முகம்மதுவிடம் திரும்பினார். "இறால் விஷயத்துல நம்ம வழிப் பெரியவங்களே ரெண்டு விதமா சொல்லியிருக்காங்க அண்ணாச்சி. ஊர் வழக்கத்துல மீன்னு சொல்லிட்டா ஆகும்னவங்களும் உண்டு, வேண்டாம்னவங்களும் உண்டு. உங்க மனசு ஒப்பலன்னா விட்ருங்க, தப்பில்ல. வேண்டியவங்களுக்கு விக்கறதுலயும் தப்பில்ல. நண்டு நமக்கு ஆகாது. அதுல எனக்குச் சந்தேகம் கிடையாது."

"அதான் நானும்..."

"உங்க மருமகளுக்கு அவங்க வழியில ஆகும். அதுலயும் எனக்குச் சந்தேகம் கிடையாது."

ஹஜரத் ஜாடியின் மூடியைத் தானே எடுத்து மூடினார். அப்புறம் ஏதோ நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"அன்னைக்குச் சம்பந்தி எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"ஒரு அரை மணி இருக்கும்."

"குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா?"

கருத்தையா தலையைக் குனிந்துகொண்டார். ஜமால் முகம்மதுவின் கடை வாசலில் எந்நேரமும் ஒரு பானையும் குவளையும் இருக்கும். வாங்குகிறவன், வாங்காதவன், வெயிலுக்கு ஒதுங்குகிறவன் யார் கேட்டாலும் முதலில் தண்ணீர்தான். அவர் எதிரே இருந்த நண்டு ஜாடியைப் பார்த்தபடியே இருந்தார். முகம் கறுத்துவிட்டது. சுல்தானுக்கு அவரைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் அந்த அரை மணியில் பேசிக்கொண்டிருந்தது அவன் ஒருவன்தான்.

"நாளைக்கழிச்சுக் கடை கிடையாது. நீயும் வா," என்றார் ஜமால் முகம்மது வீட்டுக்குப் போகும் வழியில்.

சனிக்கிழமை காலை முதல் பஸ். எட்டயபுரம் வழியாக வேம்பாருக்குப் புறப்பட்டார்கள். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் காடு வெடிப்பு விட்டுக் கிடந்தது. விளாத்திகுளத்தில் பஸ் மாறினார்கள். அதற்கப்புறம் மண் வெளுத்து, பனை கூடி, காற்றில் உப்பு வந்தது. ஜமால் முகம்மது மடியில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மீராசா அவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "வாங்க" என்று சொல்வதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார். ஜமால் முகம்மது செம்பை வாங்கினார். கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"சம்பந்தி, அன்னைக்கு உங்களுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்காம நிக்க வச்சுட்டேன்."

"நானும் கேக்கலியே," என்றார் மீராசா. "குடிங்க. பஸ்ஸுல வந்தது தொண்ட வறண்டிருக்கும்."

குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

மத்தியானம் பாய் விரித்துச் சோறு வைத்தார்கள். விளமீன் குழம்பு, சீலா வறுவல். மீராசா பக்கத்தில் உட்கார்ந்து, "பயமில்லாமச் சாப்பிடுங்க. செதிலும் செவுளும் பாத்துத்தான் வாங்கினேன். இப்ப இறாலும் விட்டுட்டியன்னு கேள்விப்பட்டோம். இறால் தொடாத புதுச் சட்டியிலதான் வச்சிருக்கு," என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, விருந்தாளியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். ஜமால் முகம்மதுவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"எம் மருமவ என்ன சாப்பிடுதா?"

அடுக்களையிலிருந்து ஜரினாவின் உம்மா பதில் சொன்னாள். "அவளும் இதேதான் அண்ணே. வந்த நாள்லேர்ந்து நண்டு தொடல. அன்னைக்குக் கொண்டுவந்த நண்டக் கடல்லயே விடச் சொல்லிட்டா. ஆச அத்துப் போச்சுங்கா."

ஜமால் முகம்மது எழுந்து கை கழுவினார். "சம்பந்தி, இப்ப நண்டு கிடைக்குமா?" என்று கேட்டார்.

கடற்கரையில் என்ன பஞ்சம்? அரை மணியில் நான்கு நீலக்கால் நண்டு வந்தது. அதே கறுத்த சட்டியில் வெந்தது. ஜரினாவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். வயிறு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. சுல்தானைப் பார்க்கவில்லை. தட்டில் வைத்ததைத் தொடவும் இல்லை.

ஜமால் முகம்மது அவள் எதிரே உட்கார்ந்தார். தட்டிலிருந்து ஒரு நண்டை எடுத்தார். அவர் ஆயுசில் தொட்ட முதல் நண்டு அதுதான். எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை. கொடுக்கைத் திருகினார், வரவில்லை. ஓட்டை அழுத்தினார், ஓரத்து முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைக்கப் போய், நினைவு வந்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி முயன்றார். சுல்தானுக்கு அந்த நண்டின் ஒவ்வொரு கணுவுக்கும் பெயர் தெரியும். அத்தனை பெயரும் அங்கே ஒரு நார் சதையைக்கூட வெளியே எடுக்கவில்லை.

ஜரினா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளால் பொறுக்க முடியவில்லை.

"மாமா, அப்படி இல்ல. வயித்து மடிப்ப மொதல்ல தூக்குங்க. அங்கன விரலக் குடுத்து நெம்புங்க. ஆங்."

ஓடு கழன்றது. வெள்ளைச் சதையைக் கிள்ளி எடுத்து அவர் அவள் தட்டில் வைத்தார். "தின்னு தாயி," என்றார். "எனக்கு ஆகாது. உனக்கு ஆகும். இது தெரிய எனக்கு இவ்வளவு நாள் ஆயிட்டு."

ஜரினா தின்றாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது, அதோடு சேர்த்தே தின்றாள். அவர் நான்கு நண்டையும் உடைத்துக் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் போய்ச் சாம்பல் போட்டு மூன்று தடவை கை கழுவினார்.

மாமனார் விஷயம் தீர்ந்தது. புருஷன் விஷயம் தீரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்போது சுல்தான் கொல்லைப்பக்கம் போனான். உம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஜரினா மணல் போட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அந்தச் சட்டியக் குடு," என்றான்.

"எதுக்கு? ஜாடிக்குப் பக்கத்துல வைக்கவா?"

அவனுக்குச் சொல்வதற்கு நாலைந்து காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே நல்ல காரணங்கள். ஒன்றையும் சொல்லாமல் விழுங்கினான்.

"நம்ம வீட்டுல இருக்கணும்."

"மாமிகிட்ட என்ன சொல்லுவிய? எத்தன காலுன்னா?"

"இல்ல. எம் பொண்டாட்டிக்கு ஆகும்னு சொல்லுவேன்."

அவள் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய விட்டாள். வெகுநேரம் வடிய விட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு அதைச் சாக்கில் சுற்றி, பனைநார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"விளாத்திகுளத்துல மாறும்போது கூட்டமா இருக்கும்," என்றாள். "உடச்சிராதிய."

பொழுது சாய அவர்கள் தெருவுக்குள் வந்தார்கள். பாத்திமுத்து வாசல்படியில் நின்றாள். இரண்டு பேர் மட்டும் வருவதைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்தது. அப்புறம் மகன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையெல்லாம் ஈரச் சாக்கில் ஊறிய கரி.

"என்னலே அது?"

எதிர்க்கடை ஆட்கள் அன்றைக்குப் போலவே எட்டிப் பார்த்தார்கள். ஜமால் முகம்மது இரண்டு அடி பின்னாலேயே நின்றுவிட்டார். சுல்தான் தொண்டையைச் செருமவில்லை.

"எம் பொண்டாட்டி நண்டுச் சட்டி. அவளுக்கு ஆகும். உள்ள வரட்டும்."

பாத்திமுத்து புருஷனைப் பார்த்தாள். அவர் தன் கட்டைவிரல் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்தாள். அடுத்து இன்னும் என்னென்னவோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

"உடச்சிராம எறக்கி வையி," என்றாள் கடைசியில். வழியை விட்டு நகர்ந்து, ஒரே அளவில் மூன்று கல் கிடக்குமா என்று தேடக் கொல்லைப்பக்கம் போனாள்.